திருவிருந்துக்கு எழும்பாத ஆள்

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் பெஞ்சை விட்டு எழும்பவில்லை.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. ஆராதனை முடிகிற நேரத்தில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக வரிசையில் போய், பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக்கிராதியைப் பிடித்து முழங்கால் போட்டு, அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொண்டு திரும்புவோம். போகாமல் பெஞ்சிலேயே இருக்கிறவரிடம் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேட்க வேண்டியதும் இல்லை. மனதில் பாவத்தையோ, யாரோடாவது பிணக்கையோ வைத்துக்கொண்டு திருவிருந்து எடுக்கக் கூடாது என்பது எங்கள் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆகவே உட்கார்ந்திருக்கிறவருக்கு ஏதோ உண்டு. என்ன உண்டு என்பதை மீதி ஜனம் மத்தியானச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து தின்னும்.

நான் அப்பம் வாங்கிவிட்டுத் திரும்பும்போது பார்த்தேன். பாட்டுப்புத்தகத்தை மடியில் விரித்து வைத்து, தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறார். எழுபதைத் தாண்டிய மனுஷன். பாறசாலைச் சந்தையில் நீலச்சட்டை போட்டு, அரிசிச் சாக்கையும் சிமென்ட் மூட்டையையும் தலையில் ஏற்றிச் சுமந்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். யாருக்கு முன்னாலும் தலை குனிந்து நான் கண்டதில்லை.

என் பக்கத்தில் இருக்கிற அம்மாள் முழங்கையால் இடித்தாள். "அண்ணனுக்கு என்னவாக்கும்? ஆருகூடயாவது பிணக்கா?"

"வயிறு சரியில்ல," என்றேன். திருவிருந்து எடுத்த வாய் காயும் முன்னே பொய். அதற்கும் சேர்த்து அந்த மனுஷன் மேல் எனக்குக் கோபம் வந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். "எழும்பத் தோணல்ல," என்றார்.

"தோணல்லியா? திருவிருந்துக்கு எழும்பத் தோணாத அளவுக்கு என்ன காரியம் செஞ்சிய?"

"பைய பேசு மக்கா. ஆளுக நிக்குது."

அடுத்த மாதமும் அப்படியே. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை.

நான் சந்தேகக்காரிதான். அதை மறைப்பானேன்? உதியன்குளங்கரையில் தையல்கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை தைக்க வருகிறவள் "போன வருஷத்த அளவுதான் சேச்சி, மாறல்ல" என்று சொன்னால் நான் டேப்பை எடுக்காமல் விடுவதில்லை. எல்லாருடைய அளவும் மாறும். மாறவில்லை என்கிறவளுடையதுதான் கூடுதலாக மாறியிருக்கும். அந்தக் கண்ணை வீட்டுக்காரர் பக்கம் திருப்பினேன், அவ்வளவுதான்.

முதலில் கண்ணில் பட்டது வேட்டி. எங்கள் பக்கத்து ஆண்கள் வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டித்தான் நடப்பார்கள். எதிரே பெரியவர்களோ போதகரோ வந்தால் அவிழ்த்துத் தாழ்த்திவிடுவார்கள். அது மரியாதை. என் ஆள் இப்போது எதிரே யாருமே வராவிட்டாலும் தாழ்த்திக்கொண்டு நடக்கிறார். மழையிலும் அப்படித்தான். கரை முழுக்கச் சேறு. தோய்க்கிறவளுக்கல்லவா தெரியும்! பார்த்தவர்கள் எல்லாம், "வயசாக ஆக என்ன ஒரு விநயம் பாத்தியளா" என்று மெச்சினார்கள். எனக்கு எரிந்தது. இவ்வளவு காலம் இல்லாத விநயம் இப்போது எங்கிருந்து வந்தது? ஒரு ஆண்பிள்ளைக்குத் திடீரென்று விநயம் வந்தால் ஏதோ தப்பு செய்திருக்கிறான் என்று அர்த்தம்.

அப்புறம் ஆட்டோ. சபைக் கோயிலிலிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம். அதற்கு ஆட்டோ. கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டு முடித்த பிறகும், பந்தி முழுக்க எழும்பிப் போகும்வரை இலைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். யாரையோ எதிர்பார்க்கிறாரோ என்று நான் மண்டபம் முழுக்கக் கண்ணை ஓட்டினேன். குளிக்கப் போனால் கதவுக்குக் கொண்டி. முன்பெல்லாம் கிணற்றடியில் துவர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு ஊரறியக் குளித்த மனுஷன்.

உடம்புக்கு ஏதாவது இருக்குமோ என்று நினைக்கவில்லையா என்று கேட்பீர்கள். எப்படி நினைப்பேன்? எங்கள் பக்கம் ஒருவரை வழியில் கண்டால் முதலில் உடம்பைப் பார்த்துத்தான் பேச்சு. "மெலிஞ்சு போனியளே" என்றால் துக்கம் விசாரிப்பது. "நல்லா தடிச்சிருக்கியளே" என்றால் வாழ்த்து. என் ஆளைப் பார்த்து மெலிந்து போனீர்கள் என்று ஒருவரும் சொன்னதில்லை. முன்னால் வயிறு கலயம் போல இருந்தது. சட்டையை வருஷத்துக்கு ஒருமுறை நான்தான் பிரித்துப் பெரிதாக்கித் தைக்கிறேன். மருந்துக்கடை வாசலில் இருக்கும் எடை மெஷினில் ஏறி இறங்கிவிட்டு வந்து, "ஒரு கிலோ குறையல்ல, ஒரு கிலோ கூடல்ல" என்பார். அதை நான் கடைக்கு வருகிறவளிடமெல்லாம் சொல்வேன். "எழுபது கழிஞ்சாச்சு, எங்க ஆளுக்க தடியைப் பாருங்க" என்று. அவர்களும் வாயில் கைவைப்பார்கள்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் குன்னத்துகால் பக்கத்திலிருந்து ஒருத்தி ரவிக்கை தைக்கத் துணியோடு வந்தாள். தோள் அளந்துகொண்டிருக்கிறேன். அவள் பாட்டுக்குச் சொல்கிறாள்: "சேச்சிக்க ஆளை அடிக்கடி எங்க பக்கம் காணலாமே. ஏத்தத்துல அந்தக் கல்ஃப்காரிக்க சிட்டவுட்ல இருப்பாரு."

டேப் என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

கல்ஃப்காரி என்றால் யார் என்று எனக்குத் தெரியும். புருஷன் வெளிநாட்டில் வைத்து இறந்து போனான். தனியாக இருக்கிறாள். முடிக்குச் சாயம் பூசுவாள். என்னைவிட பத்து வயது இளையவள். அவளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பதும் நான்தான், அதுதான் இன்னும் எரிச்சல். இவர் என்னிடம் சொல்லிவிட்டுப் போவது என்ன தெரியுமா? "வாசகசாலைக்குப் போய் பேப்பர் பாத்துட்டு வாறேன்." வாசகசாலை அந்த ஏற்றத்துக்கு மேலே. அவள் வீடு பாதி வழியில்.

அப்போ இதுதான் காரியம். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் பெஞ்சை விட்டு எழும்பவில்லை. கர்த்தரிடம் பயம் உண்டு, என்னிடம்தான் பயமில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது. இந்த வயதில் என்னை ஊர் சிரிக்க வைத்துவிட்டானே என்று இருந்தது.

மறுநாள் காலையில் அவர் கிளம்பிப் போனதும் கடையைச் சாத்தினேன். ஆட்டோ பிடித்து ஏற்றத்துக்குக் கீழேயே இறங்கிக்கொண்டேன். அவள் வீட்டு மதிலோரம் ரப்பர் ஷீட் காயப்போட்டிருந்தது. அதன் பின்னால் நின்று பார்த்தேன். நாற்றம் மூக்கைத் துளைத்தது. நின்றேன்.

வாசல் சிட்டவுட்டில் கைவைத்த உயரமான மர நாற்காலி. அதில் என் ஆள். அவள் கையில் தண்ணீர் தம்ளர். சிரிப்பு, பேச்சு ஒன்றும் இல்லை. அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்து முன்னால் சாய்ந்தார். எழும்பவில்லை. மறுபடியும் சாய்ந்தார். முகம் சிவந்து போயிற்று. வயிறு மடியில் மூட்டை போலக் கிடந்தது. அந்த மூட்டையை அவரால் தூக்க முடியவில்லை.

"அண்ணா, நான் பிடிக்கட்டா?" என்றாள் அவள்.

"வேண்டாம். இப்ப எழும்பிருவேன்."

மூன்றாம் முறை ஆடிச் சாயும்போது வேட்டி முழங்காலுக்கு மேலே ஒதுங்கியது. அப்போதுதான் கண்டேன். மூட்டை சுமந்து சுமந்து மரம் போல இருந்த காலா அது? தொடையில் சதையே இல்லை. தோல் தொளதொளவென்று தொங்கியது. முழங்கால் மூட்டு மட்டும் தனியாகப் புடைத்து நின்றது. மேலே அந்த வயிறு, கீழே இந்தக் கால். இரண்டும் ஒரே ஆளுடையது என்று சொன்னால் நம்ப முடியாது.

சட்டை தைக்கிறவள் நெஞ்சை அளக்கிறாள், வயிற்றை அளக்கிறாள். வேட்டி கட்டுகிறவனுக்குக் காலை யார் அளக்கிறார்கள்?

மனம் பதறியது என்பது உண்மை. ஆனால் வாய் அதன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. ஷீட்டை விலக்கிக்கொண்டு போய் நின்றேன். "ஓஹோ! இதுதான் வாசகசாலையா? பேப்பர் எங்க, காணல்லியே?"

அவர் முகம் வெளுத்தது. அவள் மட்டும் அசரவில்லை. "சேச்சி, முதல்ல வந்து ஒரு கை பிடியுங்க. சண்டையைப் பொறவு போடலாம். இந்த ஏத்தம் ஒரே மூச்சுல ஏற முடியல்ல அண்ணனுக்கு. டீக்கடை ஸ்டூல்ல இருந்தா எழும்ப முடியல்ல. இந்தக் கசேரைலன்னா கை ஊணலாம். அதாக்கும் இங்க வாறது."

ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துத் தூக்கினோம். அந்தக் கனம் என் தோளில் இறங்கியபோது, இவ்வளவையும் அந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படிச் சுமந்து நடந்தார் என்று தோன்றியது. அவள் என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அதற்காக அவள் மேல் இருந்த சந்தேகம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பாதி போயிற்று.

அன்றைக்கே நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயதுப் பெண். இவளுக்கு என்ன தெரியும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழும்பச் சொன்னாள். முடியவில்லை. தன் விரலைப் பிடித்து இறுக்கச் சொன்னாள். அந்த அறையின் நீளத்துக்கு நடக்க வைத்தாள். வயிற்றைச் சுற்றி டேப் வைத்தாள். டேப்பைச் சுருக்கம் விழப் பிடித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் என் ஆள் பெரிய துப்பு கிடைத்த மாதிரி, "ஆனா டாக்டரே, எடை ஒரு கிலோ குறையல்ல," என்றார்.

"அதுதான் அப்பா ஏமாத்து," என்றாள். "காலுல உள்ள சதை போச்சு. அந்த இடத்துக்கு வயித்துல கொழுப்பு வந்தாச்சு. தராசுக்கு ரெண்டும் ஒண்ணுதான். மெலிஞ்ச ஆளு தளந்தா ஊரே காணும். தடிச்ச ஆளு தளந்தா ஆருக்கும் தெரியாது. பாக்க நல்ல ஆரோக்கியம்னு தோணும், உள்ள பலம் காணாது."

"வேலை செஞ்ச உடம்பாக்கும்," என்றேன் நான், விட மனமில்லாமல்.

"செஞ்ச உடம்பு அம்மா. இப்ப செய்யல்லியே. சும்மா இருந்தா சதை இருக்குமா? இப்படியே விட்டா ஒரு நாள் குளிமுறில விழுவாரு. இடுப்பு ஒடியும். பின்ன கட்டில்தான்."

சோற்றை நிறுத்திப் பட்டினி போடச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் எழும்பி வந்திருப்பேன். அவள் சொன்னது வேறு. பட்டினி கிடந்தால் மீதி இருக்கிற சதையும் கரைந்து போகுமாம். கப்பைக்கிழங்கும் சோறும் குறைய வேண்டும், மீனும் முட்டையும் பயறும் கூட வேண்டும். தினமும் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழும்பி, இருந்து, எழும்பிப் பழக வேண்டும். "இவ்வளவுதானா? மருந்து இல்லியா?" என்றேன். இதுதான் மருந்து என்றாள். எனக்கு அதுவும் சந்தேகம்தான்.

கடைக்குத் திரும்பி வந்ததும் கதவைப் பாதி சாத்திவிட்டுக் கேட்டேன். "எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு திருவிருந்துக்கு முழங்கால் போட்டேன். போட்டது போட்டதுதான். எழும்ப முடியல்ல. கண்ணை மூடி ஜெபிக்கிற மாதிரி கெடந்தேன். பக்கத்துல இருந்தவன் எழும்பும்போ அவன் தோளைப் பிடிச்சுட்டு எழும்பினேன். வெளிய வந்தா ஆளுக சொல்லுது, 'அண்ணன் இன்னைக்கு உருகி ஜெபிச்சாரு'ன்னு. நீயும் சொன்ன. பொறவு போவ எனக்குப் பயம்."

எனக்கு நினைவு வந்தது. அன்றைக்கு நான் பெருமையாக ஒரு கூட்டு கூடுதலாக வைத்தேன்.

"சரி, கோயில்ல சொல்லாண்டாம். எனக்கிட்ட?"

"கடைக்கு வாறவளுக கிட்ட எல்லாம் நீ என்ன சொல்லுவ? 'எங்க ஆளுக்க தடியைப் பாருங்க.' அதைக் கேட்டுட்டு, எனக்குக் கக்கூஸ்ல இருந்து எழும்ப முடியல்லன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"அதுக்கு? நான் உங்களைக் கள்ளன்னு நெனச்சுட்டுத் திரிஞ்சேனே! அந்தப் பொம்பளைக்க மதிலுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னேனே!"

"நெனச்சா நெனச்சுட்டுப் போ," என்றார். "கள்ளன்னு நெனச்சா நீ சண்டை போடுவ. தளந்தவன்னு நெனச்சா எரக்கப்படுவ. எனக்க மக்கா, உனக்க சண்டை எனக்குப் பழக்கமாக்கும். உனக்க எரக்கத்தை என்னால தாங்க முடியாது."

மெஷினை மிதித்து யாருடைய துணியிலோ கோணலாக ஒரு தையல் போட்டேன். கண் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து அவருக்கு இடம் கடைக்குள்ளேதான். வெட்டுமேசைக்கு முன்னால் கையில்லாத ஒரு மர நாற்காலி. எழும்பணும், இருக்கணும். ஆரம்பத்தில் மேசையைப் பிடித்துத்தான் எழும்பினார். நான் முகத்துக்கு நேரே பார்த்தால் நன்றாகச் செய்வார். முதுகைத் திருப்பினால் ஏமாற்றுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். உடுப்பு போட்டுப் பார்க்க வைத்திருக்கிற நிலைக்கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்து வைத்தேன். இப்போது நான் மெஷினில் இருந்துகொண்டே அவரைக் காணலாம், அவருக்குத் தெரியாது. ஏமாற்றவில்லை. நான் வெளியே போனதாக நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, மேசையைத் தொடாமல் எழும்புகிறார். பாதியில் தொப்பென்று விழுந்து உட்காருகிறார். மறுபடியும் எழும்புகிறார். "போதும், இருங்க" என்று வாய்வரை வந்தது. வரும்போதெல்லாம் விழுங்கிவிட்டு, "என்ன, தூக்கமா?" என்று சத்தம் போட்டேன்.

மாதங்கள் போயின. வயிறு பெரிதாகக் குறையவில்லை. ஆனால் மேசையைப் பிடிப்பது நின்றது. வாசகசாலைக்கு ஏறும்போது பாதி வழியில் இருக்கிறாரா என்று கல்ஃப்காரியிடமே போன் போட்டுக் கேட்பேன். "இல்ல சேச்சி, கை காட்டிட்டு மேல போயாச்சு" என்பாள்.

போதகர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். முழங்கால் போட முடியாதவர்களுக்குப் பெஞ்சுக்கே அப்பத்தைக் கொண்டுவந்து தரலாம், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். "அடுத்த ஞாயிறு நானே வாறேன் ஐயா," என்றார் இவர். எல்லாருக்கும் முன்னால் எழும்ப முடியாமல் போனால் இந்த மனுஷன் இனி வீட்டை விட்டே இறங்க மாட்டார். அதை நான் அறிவேன்.

அந்த ஞாயிறு. ஆண்கள் வரிசையில் அவர் போகிறார். நான் எங்கள் பக்கத்துக் கிராதியில் அப்பம் வாங்கிவிட்டு பெஞ்சுக்குத் திரும்பியிருந்தேன். முழங்கால் போட்டார். அப்பம் வாங்கினார். ரசம் குடித்தார். கூட இருந்தவர்கள் எழும்பிப் போனார்கள். அடுத்த வரிசை வந்து பின்னால் நின்றது. இவர் இன்னும் கிராதியைப் பிடித்தபடி கிடக்கிறார். தோள் ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது.

கோயில் முழுக்க அவர் முதுகையே பார்க்கிறது. பக்கத்தில் நின்ற ஒருவர் கைத்தாங்கலாகப் பிடிக்கக் குனிந்தார். போதகரும் ஒரு அடி முன்னால் வந்தார். எனக்கு ஓடிப்போய்த் தூக்கணும் என்று இருந்தது. கர்த்தாவே, கர்த்தாவே என்று உள்ளே கதறுகிறேன். கால் ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டது. அப்போது அவர் கடையில் வைத்து இரக்கத்தைப் பற்றிச் சொன்னது காதில் விழுந்தது.

பெண்கள் பக்கத்தில் நின்றுகொண்டே சத்தம் போட்டேன். "கேட்டியளா! அங்கயே குடியிருக்கப் போறியளா? பின்னால ஆளு நிக்கிறது தெரியல்லியா? எழும்புங்க!"

பாட்டு நின்றது. கீபோர்டு வாசிக்கிற பெண் வாயைப் பிளந்தாள். பக்கத்து அம்மாள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கழுத்து விறைத்தது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். பதிலுக்கு ஒன்று கொடுக்காமல் விடமாட்டேன் என்கிற பார்வை. குனிந்தவருடைய கையைத் தட்டிவிட்டார். ஒரு பாதத்தைத் தரையில் ஊன்றினார். முழங்கால் நடுங்கியது. எழும்பி நின்றார்.

கோயில் கலைந்து முற்றத்தில் நிற்கும்போது பக்கத்து அம்மாள் விடாமல் வந்து பிடித்துக்கொண்டாள். "கோயிலுக்குள்ள வச்சு இப்பிடியா? உனக்கும் அண்ணனுக்கும் பிணக்கா?"

"ஆமா, பிணக்குதான்," என்றேன். "தீராத பிணக்கு."

ஆட்டோக்காரன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து நின்றான். என் ஆள் அவனிடம், "எலே, நீ போ," என்று சொல்லிவிட்டு, குனிந்து வேட்டியை எடுத்து மடித்துக் கட்டினார். அந்த மெலிந்த காலை ஊர் முழுக்கப் பார்த்தது. அவர் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"எட்டி, அங்க என்ன குடியிருக்கப் போறியா? வா!"